மூழ்கிய நீர்மூழ்கிகள்

கப்பலுக்குள் தண்ணீர் புகுந்தால் அது மூழ்கிவிடும் என்பது சிறு பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்தி. நீர்மூழ்கிக் கப்பலோ மூழ்குவதற்கென்றே கட்டப்பட்டது. அதற்குள் தண்ணீரை வேண்டுமென்றே புகவிடுகிறார்கள். மேலே வரவேண்டியபோது அதனை வெளியேற்றிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட கப்பலுக்குத் தண்ணீரால் என்ன அச்சம் என்று ஒருவர் கேட்கக்கூடும். புகவேண்டிய இடத்தில் புகுந்த தண்ணீர் அதற்குத் துணை. புகக்கூடாத இடத்தில் புகுந்த தண்ணீரே அதற்கு எமன். இவ்விரண்டு இடங்களுக்கும் நடுவே நிற்பவை சில வால்வுகளும், சில கதவுகளும், அவை மூடியிருக்கின்றன என்று நமக்குத் தெரிவிக்கும் சில அடையாளங்களுமே ஆகும். அந்த அடையாளங்களை நம்பி ஏமாந்தபோது என்ன நேர்ந்தது என்பதை, 1939-ஆம் ஆண்டில் பத்து நாள் இடைவெளிக்குள் மூழ்கிய இரண்டு கப்பல்களைக் கொண்டு சொல்ல விரும்புகிறேன்.

முதலில் கப்பலின் அமைப்பைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வோம். டீசல் நீர்மூழ்கியின் உட்பகுதி, தடித்த எஃகுத் தகட்டால் ஆன நீண்ட உருளை. மனிதர்களும் எஞ்சின்களும் கருவிகளும் அதற்குள்ளேதான் இருக்கின்றன. இவ்வுருளையை ஒட்டிப் பெரிய தொட்டிகள் அமைந்திருக்கும். தொட்டிகளின் மேலுள்ள வால்வைத் திறந்தால் காற்று வெளியேறும், கீழ்வழியாகக் கடல்நீர் ஏறும், கப்பல் அமிழும். அழுத்தி அடைத்துவைத்த காற்றைத் தொட்டிக்குள் செலுத்தினால் நீர் வெளியேறும், கப்பல் எழும். இந்தத் தத்துவத்தில் மறைபொருள் ஒன்றும் இல்லை.

இடர்ப்பாடு டீசல் எஞ்சினிலிருந்து தொடங்குகிறது. எண்ணெய் எரிவதற்குக் காற்று வேண்டும். அதுவும் ஏராளமாக வேண்டும். ஆகையால் நீர்மட்டத்தில் செல்லும்போது, மனிதன் உடலை நுழைக்கக்கூடிய அளவு அகலமான காற்றுக்குழாய் ஒன்று எஞ்சின் அறைவரை திறந்தே இருக்கும். எஞ்சின் கப்பலை ஓட்டுவதோடு பாட்டரிகளுக்கு மின்சாரமும் ஏற்றும். மூழ்கும் கட்டளை பிறந்தவுடன் எஞ்சினை நிறுத்தி, காற்றுக்குழாயின் வால்வை மூடி, பாட்டரியின் மின்சாரத்தால் கப்பலை ஓட்டவேண்டும். இவ்வளவும் ஓரிரு நிமிடங்களுக்குள் நடந்தாகவேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது பரவலான 'ஸ்னார்க்கல்' என்னும் மூச்சுக்குழாய், நீருக்குச் சற்று அடியில் இருந்தபடியே எஞ்சினை இயக்க உதவியது. அது வசதிதான், ஆனால் அலை வந்து மோதும் ஒவ்வொரு முறையும் மூடிக்கொள்ள வேண்டிய இன்னொரு வாயையும் அது கப்பலுக்குத் தந்துவிட்டது.

உள்ளே வந்த கடல்நீர் எடையினால் மட்டுமே தீங்கு செய்வதில்லை. கந்தக அமிலம் நிறைந்த பாட்டரிகளில் உப்புநீர் கலந்தால் குளோரின் என்னும் நச்சுவாயு உண்டாகும். மின்கம்பிகள் நனைந்தால் மின்சாரம் குறுக்குவழியில் பாய்ந்து தீப்பற்றும். தண்ணீரால் தீப்பிடிக்கும் இடம் உலகில் ஒன்று உண்டென்றால் அது நீர்மூழ்கிக் கப்பல்தான்.

ஆழத்தின் அழுத்தத்தையும் ஒரு சிறு கணக்கால் பார்த்துவிடலாம். 240 அடி ஆழத்தில் ஒவ்வொரு சதுர அங்குலத்தின்மீதும் கடல் ஏறத்தாழ 107 பவுண்டு எடையோடு அமுக்குகிறது. ஒரு சதுர அடிக்கு அது ஏறக்குறைய 7 டன். மனிதர் ஏறி இறங்கும் வாயிலின் மூடியை உள்ளிருந்து தள்ளித் திறப்பது ஏன் இயலாது என்பது இதிலிருந்து விளங்கும். அந்த 240 அடிதான் நாம் காணப்போகும் முதற் கப்பல் கிடந்த ஆழம்.

அமெரிக்கக் கடற்படையின் புதிய நீர்மூழ்கியாகிய ஸ்குவாலஸ், 1939-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள் காலையில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துப் போர்ட்ஸ்மத் துறைமுகத்துக்கு அப்பால் ஒரு சோதனை மூழ்கலைத் தொடங்கிற்று. அதில் 59 பேர் இருந்தனர். கட்டுப்பாட்டு அறையில் ஒரு விளக்குப் பலகை உண்டு. கப்பலின் திறப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்பு விளக்கு, ஒரு பச்சை விளக்கு. திறந்திருந்தால் சிவப்பு, மூடியிருந்தால் பச்சை. அன்று எல்லாம் பச்சை காட்டின. கப்பலுக்குள் சிறிது காற்றைச் செலுத்தி, அழுத்தம் குறைகிறதா என்று பார்க்கும் வழக்கமான சோதனையும் நடந்தது, அழுத்தம் குறையவில்லை. கப்பல் அமிழ்ந்தது. சில வினாடிகளில் எஞ்சின் அறையிலிருந்து தொலைபேசியில் ஓர் அலறல்: தண்ணீர் உள்ளே கொட்டுகிறது! எஞ்சினுக்குக் காற்று கொண்டுவரும் அந்தப் பெரிய வால்வு, ஏறத்தாழ இரண்டரை அடி விட்டமுள்ளது, திறந்து கிடந்தது. அதனை இயக்கும் பொறி பழுதுற்றதே காரணம் என்று பின்னர் விசாரணை மன்றம் முடிவு செய்தது.

கப்பலின் பின்பாதி நிரம்பிற்று. பின்புறம் சரிந்து கப்பல் கீழே சென்றுகொண்டிருந்தது. கட்டுப்பாட்டு அறைக்கும் பின்பகுதிக்கும் இடையிலுள்ள கனமான கதவை மூடவேண்டிய பொறுப்பு மேனஸ் என்ற இளம் மின்தொழில் மாலுமிக்கு. கப்பல் சரிந்திருந்தமையால் அக்கதவை மேல்நோக்கி இழுத்தே மூடவேண்டும். மூடிவிட்டால் அப்பால் இருப்பவர்களுக்கு வழி இல்லை. மூடாவிட்டால் ஒருவருக்குமே வழி இல்லை. அவர் அதைப் பாதி இழுத்துப் பிடித்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் ஓடிவந்த சிலரை இப்பக்கம் விட்டார். பிறகு மூடினார். அப்பால் 26 பேர் இருந்தனர். அவர்களுள் ஒருவரும் பிழைக்கவில்லை. கதவுக்கு இப்பால் இருந்தவர்கள் 33 பேர். இந்தக் கணக்கை நான் வகுப்பில் சொன்ன நாள்களில், மேனஸ் செய்தது சரியா என்று எந்த மாணவனும் கேட்டதில்லை. எத்தனை வினாடி காத்திருந்தார் என்றுதான் கேட்பார்கள்.

அந்த 33 பேரின் நற்பேறு, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆறு பேருக்கு நேர்ந்த கேட்டிலிருந்து பிறந்தது என்று சொல்லவேண்டும். 1927-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள், எஸ்-4 என்னும் நீர்மூழ்கியின்மீது கரையோரக் காவற்படைக் கப்பல் ஒன்று மோதிற்று. 40 பேர் இருந்த அக்கப்பலின் முன்னறையில் ஆறு பேர் உயிரோடு இருந்தனர். சுத்தியலால் கப்பலின் சுவரைத் தட்டித் தட்டி, கீழிறங்கிய முக்குளிப்போருடன் சங்கேத முறையில் பேசினர். நம்பிக்கைக்கு இடமுண்டா என்றும் கேட்டனர். மேலே புயல். வெளியே கொணரத்தக்க கருவியோ கடற்படையிடம் இல்லை. தட்டும் ஓசை நின்றுபோயிற்று. சார்ல்ஸ் மாம்சன் என்னும் கடற்படை அதிகாரி இத்தகைய சாவுகளைக் கண்டு உள்ளம் நொந்தவர். கடலடியிலிருந்து மனிதர்களை ஏற்றிவர ஒரு மணிக்கூண்டு வடிவக் கலம் வேண்டும் என்று அவர் எழுதியபோது மேலிடம் அதைப் பொருட்படுத்தவில்லை. எஸ்-4 மூழ்கிய பின்னரே ஆய்வுக்கு வழி பிறந்தது. மாம்சன் தொடங்கியதை ஆலன் மெக்கான் என்பவர் செம்மை செய்து முடித்தமையால் அக்கலம் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று.

அதன் தத்துவத்தை வீட்டிலேயே கண்டறியலாம். ஒரு டம்ளரைக் கவிழ்த்து நேராக வாளித் தண்ணீருக்குள் அமுக்குங்கள். உள்ளே இருக்கும் காற்று தண்ணீரை ஏறவிடாது. டம்ளரின் அடியில் ஒட்டிவைத்த காகிதத் துண்டு நனையாமல் இருக்கும். மெக்கான் கலத்தின் கீழறை இத்தகைய கவிழ்த்த பாத்திரமே. ஒரு கம்பிவடத்தின் ஒரு நுனியை மூழ்கிய கப்பலின் வாயில் மூடியில் மாட்டி, அவ்வடத்தைச் சுற்றிச் சுற்றிக் கலம் கீழே இறங்கும். வாயிலைச் சுற்றியுள்ள வளையத்தின்மேல் ரப்பர் விளிம்போடு அமர்ந்தபின் கீழறைத் தண்ணீரை வெளியேற்றி, அழுத்தத்தைக் குறைத்தால், மேலுள்ள கடலே கலத்தைக் கப்பலோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். எந்த அழுத்தம் வாயிலைத் திறக்கவிடாமல் தடுத்ததோ அதுவே இப்போது காவலாகிறது. பிறகு மூடியைத் திறந்து மனிதர் மேலேறலாம், உடல் நனையவேண்டியதில்லை.

ஸ்குவாலஸ் ஒரு மிதவையை மேலே விட்டிருந்தது, அதனுள் தொலைபேசி. தேடிவந்த அதன் உடன்பிறப்புக் கப்பலாகிய ஸ்கல்ப்பின் மிதவையைக் கண்டது. இரு கப்பல் தலைவர்களும் சில சொற்களே பேசினர்; அலை தூக்கியதில் கம்பி அறுந்தது. ஆயினும் இடம் தெரிந்துவிட்டது. மறுநாள் 24-ஆம் நாள், பால்கன் என்னும் கப்பல் மீட்புக் கலத்தைக் கொண்டுவந்தது. சிபிட்ஸ்கி என்னும் முக்குளிப்பவர் இறங்கி வடத்தை மாட்டினார். முதல் முறை 7 பேர், அடுத்து 9, அதற்கடுத்து 9. நான்காம் முறை 8 பேரை ஏற்றிக்கொண்டு எழும்போது வடம் சிக்கிக்கொண்டது. மேலிருந்து இழுத்த கம்பியோ புரி புரியாகப் பிரிந்தது. கலத்தை மறுபடியும் கடலடியில் இறக்கி, சீர்செய்ய முயன்று, கடைசியில் மேல்தளத்து மாலுமிகள் கையாலேயே மெல்ல மெல்ல இழுத்துக் கரையேற்றினர். அப்போது நள்ளிரவு கடந்திருந்தது. கப்பல் மூழ்கி ஏறத்தாழ 40 மணி நேரம். 33 பேரும் வந்து சேர்ந்தனர்.

இச்செய்தியை உலகம் வியந்து பேசிக்கொண்டிருக்கும்போதே, ஜூன் 1-ஆம் நாள் இங்கிலாந்தின் லிவர்பூல் விரிகுடாவில் தீட்டிஸ் என்னும் புதிய நீர்மூழ்கி சோதனை ஓட்டத்துக்குப் புறப்பட்டது. அதன் மாலுமிகள் 53 பேர். கட்டிய நிறுவனத்தின் தொழிலாளர்கள், கடற்படையின் பிற அதிகாரிகள், உணவு பரிமாற வந்தவர்கள் என்று எல்லோரையும் சேர்த்து அன்று உள்ளே இருந்தவர்கள் 103 பேர். மூழ்குமுன் உடன்வந்த இழுவைக் கப்பலுக்கு மாறிக்கொள்ள வாய்ப்பு இருந்தது. புதுக் கப்பலில் மூழ்கிப் பார்க்கும் ஆவல் யாரை விட்டது! எவரும் மாறவில்லை.

கப்பல் எளிதில் அமிழவில்லை. எடை போதாதது போல் தோன்றியது. முன்பக்கத்து டார்ப்பிடோக் குழாய்களில் 5, 6 ஆகிய எண்ணுள்ளவற்றில் நீர் இருக்கவேண்டும் என்பது கணக்கு. இருக்கிறதா என்று பார்க்க டார்ப்பிடோ அதிகாரி வுட்ஸ் சென்றார். டார்ப்பிடோக் குழாய்க்குக் கடற்பக்கம் ஒரு மூடி, உட்பக்கம் ஒரு கதவு. இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் 21 அங்குல அகலமுள்ள குழாய் வழியே கடல் நேரே உள்ளே வரும். நொடிக்கு ஒன்றிரண்டு டன் வீதம் வரும். ஆகையால் உட்கதவில் ஒரு சிறு சோதனைக் குழாய் வைத்திருந்தனர். அதைத் திருகினால், குழாயில் நீர் இருந்தால் பீச்சும். இல்லையென்றால் ஒன்றும் வாராது. வுட்ஸ் ஐந்தாம் எண் குழாயில் திருகினார். ஒன்றும் வரவில்லை. கதவைத் திறந்தார். கடல் வந்தது.

அக்கதவின் உட்புறத்துக்கு எனாமல் பூசியபோது அந்தச் சிறு துளையும் அடைபட்டுப் போயிருந்தது. அதைக் குத்தித் துப்புரவு செய்ய ஓர் ஊசியும் அங்கே வைக்கப்பட்டிருந்தது. அன்று அதைப் பயன்படுத்தவில்லை. பம்பு ஸ்டவ் வைத்திருந்தவர்கள் இதை உடனே உணர்வார்கள். ஸ்டவ் எரியவில்லையானால் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று முடிவு கட்டாமல் முதலில் பின்னால் குத்திப் பார்ப்பது நம் வீட்டுப் பெண்களின் வழக்கம். கடற்பக்கத்து மூடிகளின் நிலையைக் காட்டும் முட்களும் இருந்தனவே என்றால், அவை எல்லாக் குழாய்களுக்கும் ஒரே சீராக அமைக்கப்படவில்லை. மூடிய நிலையில் ஒன்றின் முள் ஒரு திசையில் நிற்கும். இன்னொன்றின் முள் வேறு திசையில் நிற்கும். ஸ்குவாலஸில் விளக்கு பச்சை காட்டிற்று. தீட்டிஸில் துளை வறண்டிருந்தது. இரண்டு இடத்திலும் மனிதர் கேட்கத் தவறவில்லை. கேட்ட கேள்விக்குக் கருவி சொன்ன மறுமொழிதான் தவறு.

முன்னறைக் கதவைப் பல கொக்கிகள் போட்டு இறுக்கவேண்டும். ஒரு கொக்கி இடையே சிக்கிக்கொண்டது. அதை விட்டு அடுத்த அறைக்குப் பின்வாங்கி அங்கேயுள்ள கதவை மூடினர். இரண்டு அறைகள் நிரம்பின. கப்பலின் மூக்கு ஏறத்தாழ 160 அடி ஆழத்தில் சேற்றில் குத்திற்று. ஆனால் கப்பலின் நீளமோ 275 அடி. எண்ணெயையும் குடிநீரையும் வெளியேற்றிப் பின்பகுதியை இலேசாக்கியதில், மறுநாள் காலை அதன் வால் கடலுக்கு மேலே 18 அடி உயரம் துருத்திக்கொண்டு நின்றது. பகல் வெளிச்சத்தில் எல்லோரும் பார்க்க நின்றது. 240 அடி ஆழத்திலிருந்து 33 பேரை மீட்ட பத்தே நாளில், கண்ணுக்குத் தெரிந்த கப்பலிலிருந்து 99 பேரை மீட்க முடியவில்லை.

ஏன் முடியவில்லை? முதலாவது, காலம். கப்பல் எழவில்லையே என்று இழுவைக் கப்பலிலிருந்த அதிகாரி கவலையுற்று அனுப்பிய தந்தி, கரையில் அதைச் சுமந்து சென்ற பையனின் சைக்கிள் டயர் பஞ்சரானதால் தாமதமாயிற்று. 'பிரேசன்' என்னும் போர்க்கப்பல் வாலைக் கண்டபோது மறுநாள் காலை எட்டு மணி ஆகவிருந்தது. இரண்டாவது, காற்று. 53 பேருக்கென அமைந்த கப்பலில் 103 பேர். அதிலும் இரண்டு அறைகளின் காற்று போய்விட்டது. மூடிய அறையில் மனிதனைக் கொல்வது பிராணவாயுக் குறைவு என்றே பலரும் எண்ணுகிறார்கள். அதற்கு முன்னரே அவன் விட்ட மூச்சிலுள்ள கரியமில வாயு அவனை மடக்கிவிடும். நூற்றுக்கு மூன்று பங்கு ஆனதும் மூச்சு வாங்கும். ஆறு பங்கில் தலை பிளக்கும், சிந்தை கலங்கும். எளிய கட்டளையைக்கூட அந்நிலையில் சரியாக நிறைவேற்ற இயலாது. மூன்றாவது, மெக்கான் கலம் போன்ற மீட்புக்கலம் ஆங்கிலக் கடற்படையிடம் இல்லை. ஒவ்வொருவரும் பிராணவாயுப் பையை மாட்டிக்கொண்டு சிறு அறை வழியாகத் தாமே வெளியேறவேண்டும் என்பது அவர்கள் முறை. கரியமில வாயுவில் மயங்கிய மனிதருக்கு அது எளிதன்று. முதலில் இருவர் வெளிவந்தனர். அடுத்து விரைவு கருதி நால்வரை ஒரே சமயத்தில் அனுப்பியதில் அது சாவில் முடிந்தது. பின்னும் இருவர் வந்தனர். அதன்பின் ஒருவரும் இல்லை. பிற்பகல் மூன்று மணியளவில் வாலைக் கட்டியிருந்த வடம் அறுந்து கப்பல் முற்றும் மூழ்கிற்று.

இறந்த தொழிலாளர்களின் சங்கங்கள், காரணத்தை ஆராயும்படி ஜே. பி. எஸ். ஹால்டேன் என்னும் பேரறிஞரை வேண்டின. அவரும் தொண்டர் சிலரும் எஃகு அறைக்குள் அடைபட்டு, தம் மூச்சாலேயே காற்றைக் கெடுத்துக்கொண்டு, தலைவலியும் வாந்தியும் பட்டுச் சோதனை நடத்தினர். இந்த ஹால்டேன்தான் 1957-இல் இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்தவர். விதவையர் நட்டஈடு கோரிக் கட்டிய நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்தபோது, கப்பலின் வரைபடங்களை வெளியிடுவது பொதுநலனுக்கு ஊறு என்று அரசு மறுத்தது. 1942-இல் பிரபுக்கள் சபை அம்மறுப்பை ஏற்றது. போர்க்காலம் என்பது விளங்கத்தான் செய்கிறது. ஆனாலும் துளை அடைபட்டது எப்படி என்று கேட்ட பெண்களுக்கு அது போதிய விடையாகுமா?

இரண்டு கப்பல்களும் தூக்கி எடுக்கப்பட்டுப் புதுப்பெயரோடு போருக்குச் சென்றன. தண்டர்போல்ட் ஆகிய தீட்டிஸ் 1943 மார்ச்சில் இத்தாலியக் கப்பலால் எல்லோருடனும் அழிந்தது. செயில்பிஷ் ஆகிய ஸ்குவாலஸ் 1943 டிசம்பரில் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றை மூழ்கடித்தது. அக்கப்பலில் கைதிகளாகச் சென்றுகொண்டிருந்த 21 அமெரிக்கர், அன்று மிதவையைக் கண்டுபிடித்த அதே ஸ்கல்ப்பினின் மாலுமிகள். ஒருவர்தாம் பிழைத்தார்.

தீட்டிஸுக்குப் பிறகு ஆங்கில நீர்மூழ்கிகளின் டார்ப்பிடோக் கதவுகளில் ஒரு சிறு கொக்கி சேர்க்கப்பட்டது. அதை மாட்டியிருந்தால் கதவு விரல் அளவே திறக்கும், அப்பால் கடல் இருந்தால் நீர் கசிந்து காட்டிக்கொடுக்கும், உடனே மூடிவிடலாம். தீட்டிஸ் கொக்கி என்றே அதற்குப் பெயர். ஒரு துளையின் சாட்சியத்தை மட்டும் நம்பாமல், கதவையே சாட்சியாக்கிய ஏற்பாடு அது. பல கொக்கிக் கதவுகளுக்கு மாறாக ஒரே சக்கரத்தைச் சுற்றினால் மூடும் கதவுகளும் வந்தன.

ஆயினும் காற்றுக்குழாயும் பாட்டரியும் உள்ளவரை பழைய பகை தீரவில்லை. 2004-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள், கனடாவின் சிக்கூட்டிமி அயர்லாந்துக்கு அப்பால் நீர்மட்டத்திலேயே சென்றுகொண்டிருந்தது. திறந்த வாயில்கள் வழியே அலைநீர் உள்ளே கொட்டி மின்கம்பிகளை நனைக்க, தீ மூண்டு அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். 2017 நவம்பர் 15-ஆம் நாள் அர்ஜென்டீனாவின் சான் ஹுவான், கடல்நீர் காற்றோட்டக் குழாய் வழியே புகுந்து பாட்டரி அறையில் மின்கசிவும் தீயின் தொடக்கமும் உண்டாயின என்று செய்தி அனுப்பியது. பயணத்தைத் தொடர்வதாகவும் தெரிவித்தது. அதற்குப்பின் 44 பேரிடமிருந்தும் செய்தி இல்லை. அணுச்சோதனைகளைக் கேட்பதற்காகக் கடலில் வைக்கப்பட்ட நுண்ணொலிக் கருவிகள் அன்று ஒரு வெடியோசையைப் பதிந்திருந்தன. ஓராண்டு கழித்து, 907 மீட்டர் ஆழத்தில் கப்பல் நசுங்கிக் கிடந்தது.

மீட்புக்கலம் எவ்வளவு சிறந்ததானாலும், கப்பலின் உடல் உடையாத ஆழத்தில் அது கிடந்தால்தான் பயன் உண்டு. நம் நாட்டுக் கடற்படை 2018-ஆம் ஆண்டு டிசம்பரில், 650 மீட்டர் ஆழம்வரை இறங்கக்கூடிய மீட்புக்கலத்தைப் பணியில் சேர்த்தது. மற்றொன்று விசாகப்பட்டினத்துக்கு வந்தது. 2021 ஏப்ரல் 21-ஆம் நாள் இந்தோனேசியாவின் நங்காலா 53 பேருடன் பாலித் தீவுக்கு வடக்கே காணாமற்போனபோது, மறுநாளே அக்கலம் விசாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்டது. அது வழியில் இருக்கும்போதே நங்காலாவைக் கண்டுபிடித்துவிட்டனர். கப்பல் உடைந்து 838 மீட்டர் ஆழத்தில் கிடந்தது. மீட்புக்கலம் திரும்பி வந்தது.